ஜாங் நிங்: இரண்டு தங்கமும் ஒரு அரையிறுதியும்

1994 மே மாதம், ஜகார்த்தா. ஊபர் கோப்பை இறுதிப் போட்டி. (வாடகைக் கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டி ஊபர் என்ற அந்தக் கால இங்கிலாந்து வீராங்கனையின் பெயரில் நடக்கும் பெண்கள் அணிகளுக்கான உலக பாட்மிண்டன் போட்டி இது.) 1984 முதல் 1992 வரை தொடர்ந்து ஐந்து முறை கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போன சீனா ஒரு பக்கம். சொந்த மண்ணில், சொந்த ரசிகர்களின் காதைக் கிழிக்கும் கூச்சலோடு இந்தோனேசியா மறு பக்கம். நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது கணக்கு 2-2. ஐந்தாவது ஆட்டம்தான் கோப்பை யாருக்கு என்று சொல்ல வேண்டும்.

சீனாவுக்காகக் களமிறங்கியவர் ஜாங் நிங். அப்போதுதான் பத்தொன்பது வயது நிறைந்திருந்தது. எதிரே நின்றது மியா அவுதினா என்ற பள்ளிக்கூடப் பெண். வயது பதினான்கு!

மூன்று செட் வரை போன ஆட்டத்தில் அந்தப் பதினான்கு வயதுப் பெண் ஜெயித்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தோனேசியாவுக்குக் கோப்பை. ஒரே இரவில் மியா அந்த நாட்டின் செல்லப் பிள்ளை ஆனார். ஜாங் நிங்? சீனாவின் பத்தாண்டு ஆதிக்கத்தை ஒரு சிறுமியிடம் தொலைத்தவர். அணி விளையாட்டில் தோற்றால் பழியைப் பதினோரு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒற்றையர் ஆட்டத்தில் பங்குதாரர் கிடையாது, மொத்த நஷ்டமும் ஒருவர் பேரில்தான் எழுதப்படும்.

லின் டானைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். சாய்னாவும் சிந்துவும் வந்த பிறகு பாட்மிண்டன் பார்க்காத வீடே இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தை வென்று, அடுத்த ஒலிம்பிக்கிலும் அதைக் கையில் வைத்துக்கொண்ட முதல் ஆள் லின் டான் அல்ல, ஜாங் நிங். 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங். பெண்கள் ஒற்றையரில் 2024 பாரிஸ் வரைக்கும் இதை இன்னொருவர் செய்யவில்லை. இவ்வளவு பெரிய சாதனையாளரின் பெயர் ஏன் அதிகம் அடிபடவில்லை என்று யோசித்தால், அவருடைய கதையில் ஒரு முடிச்சு இருப்பது தெரியும். அதை அவர் போட்டதாகவும் சொல்ல முடியாது.

ஜாங் நிங் பிறந்தது 1975இல், வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் உள்ள ஜின்ஜோ நகரத்தில். 1.75 மீட்டர் உயரம். பதினாறு வயதில், 1991இல், தேசிய அணிக்குள் வந்துவிட்டார். அங்கே இருந்து ஏறுமுகம்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஜகார்த்தா தோல்விக்குப் பிறகு நடந்தது வேறு.

சீன அணியில் இடம் பிடிப்பது, உலகப் போட்டியில் பதக்கம் வாங்குவதைவிடக் கஷ்டம் என்று சொல்வார்கள். பெரிதும் மிகையில்லை. ஜாங் நிங்குக்கு ஒரு வயது மூத்த யே ஜாவோயிங் 1995, 1997 என்று இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார். ஆல் இங்கிலாந்து பட்டத்தை 1997 முதல் 1999 வரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் கோங் ஜிச்சாவ், தாய் யுன் என்று வரிசை நீண்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் வந்து போனது, ஜாங் நிங் போகவில்லை. 2000 சிட்னி வந்து போனது, அப்போதும் போகவில்லை. தன்னைத் தோற்கடித்த மியா அட்லாண்டாவில் பதினாறு வயதில் வெள்ளி வாங்கியதை ஜாங் நிங் ஊரிலிருந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

சிட்னி முடிந்தபோது ஜாங் நிங்குக்கு வயது இருபத்தைந்து. சீனப் பெண் ஆட்டக்காரர்கள் பலர் மூட்டை கட்டிவிட்டு மாகாண அணிக்குப் பயிற்சியாளராகப் போகும் வயது அது. பெரிய பட்டம் ஒன்றுகூடக் கையில் இல்லை. ஆனாலும் போகவில்லை. யே ஜாவோயிங் தலைமுறை விலக, 2001இல் செவில் உலகப் போட்டியில் வெண்கலம் வந்தது. 2003இல் பர்மிங்ஹாமில் (சார்ஸ் நோய் பயத்தால் சில மாதங்கள் தள்ளி வைக்கப்பட்ட போட்டி) இறுதியில் சக நாட்டவரான கோங் ருய்னாவை 11-6, 11-3 என்று சுருட்டி எறிந்து உலக சாம்பியன் ஆனார். அப்போது வயது இருபத்தெட்டு.

அவர் ஆட்டத்தில் பெரிய மின்னலடி எதுவும் கிடையாது. உயரத்தால் வந்த எட்டு, வலைக்கு அருகில் மென்மையான தொடுதல், கடைசி நொடி வரை மட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஷட்டிலை எங்கே அனுப்பப் போகிறார் என்று எதிராளிக்குக் காட்டாமல் ஏமாற்றுவது, இதெல்லாம்தான் ஆயுதங்கள். எதிராளி நாலு மூலைக்கும் ஓடி ஓடித் தானே தப்பு செய்யும் வரை காத்திருப்பார். பார்ப்பவர்களுக்கு அலுப்பாகக்கூட இருக்கலாம். எதிரே நின்று ஆடியவர்களுக்கு அலுப்பாக இருந்திருக்காது :)

இப்போது முடிச்சுக்கு வருவோம்.

2004 ஏதென்ஸ். பெண்கள் ஒற்றையர் அரையிறுதிக்கு வந்த நான்கு பேரில் மூன்று பேர் சீனர்கள். ஜாங் நிங், ஜோ மி, கோங் ருய்னா. நான்காவது ஆள் யார் தெரியுமா? அதே மியா அவுதினா. நெதர்லாந்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த நாட்டில் குடியேறி, இப்போது நெதர்லாந்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஒரு அரையிறுதியில் மியா, கோங் ருய்னாவை வென்றார். மற்றொன்றில் ஜாங் நிங், ஜோ மியை நேர் செட்களில் வென்றார்.

இறுதிப் போட்டி ஆகஸ்ட் 19. பத்து வருடம் கழித்து அதே இரண்டு பேர். முதல் செட்டை மியா 11-8 என்று எடுத்தார். ஜகார்த்தா மறுபடியும் நடக்கிறதோ என்று தோன்றியிருக்கும். ஜாங் நிங் அடுத்த இரண்டையும் 11-6, 11-7 என்று வென்றார். இருபத்தொன்பது வயதில், தான் ஆடிய முதல் ஒலிம்பிக்கில், தங்கம். பத்து வருடக் கடன் வட்டியோடு தீர்ந்தது. சினிமாவில் வைத்தால்கூட 'ரொம்ப ஓவர்' என்பார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

2008இல், பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன்பாக, சீன அணியின் தலைமைப் பயிற்சியாளர் லீ யோங்போ தொலைக்காட்சியில் சர்வசாதாரணமாக ஒரு விஷயத்தைச் சொன்னார். ஏதென்ஸ் அரையிறுதியில் ஜாங் நிங் முதல் செட்டை வென்றவுடன், இரண்டாவது செட்டில் ரொம்பப் போராட வேண்டாம் என்று ஜோ மியிடம் சொல்லிவிட்டார்களாம். இறுதிக்குப் போகிறவர் களைப்பில்லாமல் போக வேண்டும் என்பது காரணம். யாரோ துப்பறிந்து வெளியே கொண்டு வந்த ரகசியம் இல்லை இது. அவரே பெருமையாகச் சொன்னது. நாட்டுக்காகச் செய்த தியாகம் என்பது அவர் பார்வை.

அவர் தரப்புக் கணக்கு புரியாமல் இல்லை. ஒரு கம்பெனி முதலாளி போலப் பார்த்தால், இரண்டு சீனர்களும் மூன்று செட் மோதி முட்டி தேய்ந்து ஒருவர் இறுதிக்குப் போவது வீண் செலவு. அந்த அரையிறுதியில் யார் வென்றாலும் சீனா இறுதியில் இருக்கும். அப்படியிருக்க ஏன் சக்தியை விரயம் செய்ய வேண்டும்? இந்த விளையாட்டுக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர், விளம்பரம் கொடுத்தவர், வலைக்கு அந்தப் பக்கம் நிற்கப் போகும் வெளிநாட்டுக்காரர் இவர்களெல்லாம் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் வரமாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

முக்கியமாக மியா. இறுதிப் போட்டியின் ஸ்கோரை மறுபடி பாருங்கள். முதல் செட் மியாவுக்கு. ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனது. மூன்றாவது செட் என்பது கால்களின் செட். திறமையைவிட மிச்சமிருக்கும் தெம்பு பேசும் இடம். மியாவோ தன் அரையிறுதியை முழுசாக விளையாடிவிட்டு வந்தவர். ஜாங் நிங்குக்கு முந்தைய சுற்றில் அரை செட் ஓய்வு பரிசாகக் கிடைத்திருந்தது. அந்த ஓய்வு இல்லாவிட்டாலும் ஜாங் நிங் ஜெயித்திருக்கலாம். அவர்தான் அப்போது உலக சாம்பியன், ஜோ மியிடமும் ஒரு செட் முன்னால்தான் இருந்தார். ஆனால் அந்த 'லாம்' என்ற இரண்டு எழுத்தை இனி யாராலும் அழிக்க முடியாது. லீ யோங்போ மியாவிடமிருந்து தங்கத்தைப் பறித்தாரா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். ஜாங் நிங்கிடமிருந்து ஒரு சுத்தமான தங்கத்தைப் பறித்தார் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

இது ஏதென்ஸில் மட்டும் நடந்த விஷயமும் இல்லை. 2000 சிட்னி அரையிறுதியில் தன்னைக் கோங் ஜிச்சாவிடம் தோற்கச் சொன்னார்கள் என்று யே ஜாவோயிங் 2022இல் டென்மார்க் தொலைக்காட்சிக்குச் சொன்னார். அங்கேயும் அதே கதைதான். இறுதியில் டென்மார்க்கின் கமிலா மார்ட்டின் இருந்தார், அவரை வெல்லத் தோதானவர் கோங் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். யே ஜாவோயிங் இதைச் சொன்னது நாட்டை விட்டு வெளியேறி ஸ்பெயினில் குடியேறிய பிறகு. உள்ளே இருக்கும்போது சொல்ல முடியாத விஷயம்.

ஜோ மியின் கதை தனிச் சோகம். 2002 ஆசிய விளையாட்டுத் தங்கம், 2003 ஆல் இங்கிலாந்து பட்டம் எல்லாம் வாங்கியவர். ஏதென்ஸில் கோங் ருய்னாவைத் தோற்கடித்து வெண்கலத்தோடு திரும்பினார். கொஞ்ச நாளில் சீன அணியிலிருந்து விலகி, 2007இல் ஹாங்காங் போய் அங்கிருந்து ஆட ஆரம்பித்தார். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆட முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தார். விட்டுக்கொடுக்கச் சொல்லப்பட்டவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதற்கு அதுவே சாட்சி. 2010இல் ஊக்கமருந்து சோதனையில் சிக்கி இரண்டு வருடத் தடையோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. ஒலிம்பிக்கில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது அந்த ஒரு வெண்கலம் மட்டும்.

ஜாங் நிங்குக்கு வருவோம். ஏதென்ஸுக்குப் பிறகு ஓய்வு பெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தொடர்ந்தார். கிடைத்ததென்னவோ இரண்டாம் இடங்கள்தான். 2005இல் அனாஹெய்ம், 2006இல் மாட்ரிட், இரண்டு உலகப் போட்டிகளின் இறுதியிலும் ஷியே ஷிங்ஃபாங்கிடம் தோல்வி. (லின் டானின் காதலியாக இருந்து பின்னர் மனைவியானவர்.) 2007இல் கோலாலம்பூரில் வெண்கலம், பட்டம் இன்னொரு சீனரான ஜூ லின்னுக்கு. ஆல் இங்கிலாந்து பட்டம் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

இதற்கு நடுவில் 2006இல் விளையாட்டின் விதியே மாறியது. அதுவரை பெண்கள் ஒற்றையரில் ஒரு செட் என்றால் 11 புள்ளி, சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளி சர்வீஸில் நீங்கள் ராலியை வென்றால் சர்வீஸ்தான் கைக்கு வரும், ஸ்கோர் நகராது. பொறுமைசாலிகளுக்கென்றே செய்த விதி. பின்தங்கி இருந்தாலும் நிதானமாகத் திரும்பி வரலாம். புது விதியில் 21 புள்ளி, யார் சர்வீஸ் போட்டாலும் ராலியை வென்றவருக்குப் புள்ளி. ஒவ்வொரு சின்னத் தப்பும் ஸ்கோர் போர்டில் ஏறும். இளசுகளுக்கும் வேகக்காரர்களுக்கும் கொண்டாட்டம். முப்பத்தொரு வயதில், முழங்கால் வலியோடு, பொறுமையையே தொழிலாக வைத்திருந்த ஒருவர் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கடையைப் பதினைந்து வருடம் நடத்திவிட்டு, திடீரென்று நாணயத்தையே மாற்றிவிட்டார்கள் என்றால் எப்படியிருக்கும், அந்த மாதிரி.

பெய்ஜிங்குக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர். ஷியே ஷிங்ஃபாங்குக்கும் இளம் வீராங்கனை லூ லானுக்கும் இடம் உறுதி. மூன்றாவது இடத்துக்கு, அப்போதைய உலக சாம்பியன் ஜூ லின்னா, முப்பத்து மூன்று வயது ஜாங் நிங்கா? ஜாங் நிங் போனார், உலக சாம்பியன் வெளியே உட்கார்ந்தார். போட்டி தொடங்கும் முன்பே அவர் மேல் எவ்வளவு சுமை இருந்திருக்கும் பாருங்கள். லீ யோங்போவின் அந்தப் பேட்டியும் அப்போதுதான் பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

அரையிறுதியில் இந்தோனேசியாவின் மரியா கிறிஸ்டின் யுலியான்தியை நேர் செட்களில் தாண்டினார். (காலிறுதியில் நம் சாய்னாவை வீட்டுக்கு அனுப்பியவர் இந்த மரியாதான்.) இன்னொரு பக்கத்தில் ஷியே, லூ லானைத் தோற்கடித்தார். ஆகஸ்ட் 16, இறுதி. இரண்டு பேரும் சீனர்கள்.

இந்த இடம்தான் கவனிக்க வேண்டியது. ஏதென்ஸ் அரையிறுதியில் சீன நிர்வாகத்துக்கு ஒரு அவசரம் இருந்தது, இறுதியில் ஒரு வெளிநாட்டுக்காரர் காத்திருந்தார். பெய்ஜிங் இறுதியில் அப்படி யாரும் இல்லை. தங்கமும் சீனாவுக்கு, வெள்ளியும் சீனாவுக்கு. யார் ஜெயித்தாலும் லீ யோங்போவின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பைசா மாறாது. மேலே இருப்பவர்களுக்கு முடிவில் அக்கறை இல்லாமல் போன அந்த ஒரு ஆட்டத்தில், இரண்டு பேரும் யாருக்காகவும் இல்லாமல் தங்களுக்காக விளையாட முடிந்தது. அதுவும் எதிரே நின்றது யார்? இரண்டு உலக இறுதிகளில் ஜாங் நிங்கைத் தோற்கடித்தவர், தரவரிசையில் முதலிடம், வயதில் ஆறு வருடம் இளையவர். எழுதி வைத்து ஆடும் நாடகமாக இருந்திருந்தால், வளர்ந்துவரும் நட்சத்திரமான ஷியேவுக்குத்தான் தங்கம் எழுதியிருப்பார்கள்.

முதல் செட் 21-12 ஜாங் நிங்குக்கு. இரண்டாவதில் கால் ஓய்ந்த மாதிரி தெரிந்தது, 10-21. மூன்றாவது செட். மறுபடியும் கால்களின் செட். இந்த முறை முந்தைய சுற்றில் யாரும் எதையும் விட்டுக்கொடுத்திருக்கவில்லை. முப்பத்து மூன்று வயதுக் கால்கள், புது விதி, ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி. 21-18. ஜாங் நிங்.

அழுதார். ஏதென்ஸில் பத்து வருடக் கடனை அடைத்தவருக்கு, இங்கே எந்தக் கடனை அடைத்தோம் என்று தெரிந்திருக்கும். அரையிறுதியில் எதிராளி இரண்டாவது செட்டில் கை தளர்த்தினால் வலைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அது புரியாமல் போகாது. அவ்வளவு நுணுக்கமான ஆட்டக்காரருக்குக் கட்டாயம் போகாது. சில நாட்கள் கழித்து நிறைவு விழாவில் சீனக் கொடியை ஏந்தி வந்தவர் ஜாங் நிங்தான். அத்தோடு மட்டையை ஓரமாக வைத்துவிட்டு, தேசிய அணியின் பெண்கள் ஒற்றையர் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் வளர்ந்தவர்களில் ஒருவர் 2011 உலக சாம்பியன் வாங் யிஹான்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில், சொந்த நாட்டு ஜோடியைச் சீக்கிரம் சந்திக்காமல் இருப்பதற்காக வேண்டுமென்றே தோற்கப் பார்த்த சீன இரட்டையர் ஜோடியையும், அதே போட்டியில் அதே மாதிரி தோற்கப் பார்த்த கொரிய, இந்தோனேசிய ஜோடிகளையும் சேர்த்து எட்டு பேரை ஆகஸ்ட் 1 அன்று வெளியே அனுப்பினார்கள். அரங்கமே கூச்சல் போட்டு எதிர்த்த பிறகு வந்த தண்டனை. லீ யோங்போ மன்னிப்புக் கேட்டார், ஆனால் பதவியில் 2017 வரை இருந்தார். அந்த வெளியேற்றத்துக்கு மூன்று நாள் கழித்து பெண்கள் ஒற்றையர் இறுதி. மறுபடியும் இரண்டு சீனர்கள். ஜாங் நிங்கின் மாணவி வாங் யிஹானும் லீ ஷுவெருயியும். மூன்று செட், கடைசி வரை இழுபறி. வாங் யிஹான் தோற்றார்.